ஜின்னா சொல்லாத கதை

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' 1947இல் வெளிவந்தது. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். உபாலியின் குறும்பு, சிற்றன்னையோடு பிணக்கு, வீட்டை விட்டு ஓட்டம், ஆளில்லாத் தீவைத் திருத்திப் பயிரிடல், எல்லாம் நம் வகுப்புகளில் நன்றாகவே எடுபடும்.

தரம் பத்து மாணவரைக் குழுக்களாக்கி இந்நாவலை விவாதிக்க விட்டேன். (ஜின்னா என்ற பெயரைக் கண்டு அவன் நம்மவன் என்றே பலர் எண்ணிவிட்டனர், அதைத் தெளிவிக்கவே பாதிப் பாடவேளை போயிற்று.) உபாலியின் வீட்டு வேலைக்காரப் பையன் அவன். அவனது பண்பு யாதெனில், 'விசுவாசம்' என்று ஒரே சொல்லில் விடை எழுதிப் பழகியவர்கள் நாம். ஒரு குழு அதை ஏற்கவில்லை. "அவனுக்கு வேறு போக்கிடம் இருந்ததா சேர்?" என்றாள் ஒருத்தி. பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பிய ஊர் எங்களுடையது. வகுப்பு சற்று அடங்கிற்று.

விமர்சனமாகவும் இது வலுவான கேள்வி. கதை உபாலியின் கூற்று. வளர்கிறவன் அவன், ஜின்னா கூட வருகிறான். தீவில் இருவரும் ஒரே மண்ணைக் கொத்தினாலும் 'நான்' என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கே. இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. எசமான் வீட்டுப் பையனின் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே விக்கிரமசிங்க காட்டுகிறார். பெரியவர் குரல் ஒன்று குறுக்கிட்டு நியாயம் பேசியிருந்தால் நாவல் கெட்டிருக்கும்.

ஜின்னா சொன்னால் கதை எங்கே தொடங்கும் என்று எழுதச் சொன்னேன். ஒரு குழு குசினியில் தொடங்கிற்று. மற்றது, தீவில் முதன்முதல் காடு வெட்டிய நாளில். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. அங்கேதான் அவன் செய்தது பிறர் வீட்டு வேலையாக இருக்கவில்லை.