கதையில் வரும் துப்பாக்கி

சரித்திரக் கதை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். ஆகையால் இங்கே சொல்லப்போகிற குறை முதலில் என்னையே சேரும்.

சில வருஷங்களுக்கு முன், 1799-ம் வருஷத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில், திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்ட சமயம். அவனுடைய ஆள் ஒருவன் புளியமரத்து மறைவில் நின்று, துரத்தி வரும் மூன்று பேரையும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டு வீழ்த்துகிறான். ஒவ்வொரு தடவையும் மடியிலிருந்து ஒரு கேப்பை எடுத்துப் பொருத்துகிறான். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன.

கீரனூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு கிழ ஆசாரி உண்டு. அவருடைய முன்னோர்கள் நாட்டுத் துப்பாக்கி பழுது பார்த்தவர்கள். பேரனை வாசிக்கச் சொல்லிக் கதையைக் கேட்டிருக்கிறார்.

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. உங்க ஆளுக்கு அந்தக் கேப்பு எங்கேருந்து கிடைச்சுது?" என்றார்.

"எல்லாத் துப்பாக்கிக்கும் உள்ளதுதானே, ஆசாரியாரே?"

"எங்க பூட்டன் காலத்திலேதானே கல்லுத் துப்பாக்கியைக் கேப்புத் துப்பாக்கியா மாத்தினாங்க! உங்க கதை அதுக்கும் முந்தியில்ல நடக்குது?"

வீட்டுக்கு வந்து புஸ்தகங்களைப் புரட்டினேன். ஆசாரி சொன்னதுதான் சரி. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் பார்சைத் உரிமை பெற்றதே 1807-ல்தான். செம்புக் கேப்பு பரவியது அதற்கும் பிறகு. பாளையக்காரர் படைகளில் இருந்தவை பெரும்பாலும் திரித் துப்பாக்கிகள். கும்பினிச் சிப்பாய் வைத்திருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. குதிரை என்று சொல்லும் உறுப்பு கல்லைக் கவ்விக்கொண்டு எஃகில் உரசும்; பொறி பறந்து கிண்ணத்து மருந்தில் விழும். பின்னாளில் அந்தக் குதிரையைக் கழற்றிச் சம்மட்டி போன்ற ஒன்றை வைத்தார்கள். பற்றுத்துளையில் மரை வெட்டிக் கேப்புக்கு ஒரு குமிழைத் திருகினார்கள். குழலும் கட்டையும் பழசு. நெருப்பு மூட்டும் பொறி மட்டும் புதுசு. அந்தப் பொறியைப் பார்த்தே ஒரு துப்பாக்கியின் காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

"கதைதானே, இத்தனை நுணுக்கம் எதற்கு?" என்று வாசகர் கேட்கலாம். வருஷம் தவறியது சிறிய பிழை. என் கதையின் பெரிய பிழை வேறு. மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, சலாகையால் கிட்டித்து, திரியைச் சரிசெய்து மறுபடி சுட அரை நிமிஷத்துக்குக் குறையாது. எதிரி ஓடி வருகிறான். இவன் கையில் வெறும் குழல். பயம், நினைவு, தப்பி ஓடலாமா என்ற யோசனை எல்லாம் அந்த அரை நிமிஷத்தில்தான் இருக்கின்றன. நான் 'டுமீல், டுமீல்' என்று எழுதி அதைத் தாண்டிவிட்டேன். நம் சரித்திரக் கதைகள் பலவற்றிலும் துப்பாக்கி இப்படி வெறும் சத்தமாகத்தான் வருகிறது.

குழலின் உட்புறத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய குழல் உள்ளே வழவழப்பானது; குண்டு தளர்வாக இறங்கும், எய்த இடத்துக்குப் போவது நிச்சயமில்லை. உள்ளே மரைபோல் காடிகள் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு நேரே போகும். 1800-ல் வந்த பேக்கர் துப்பாக்கிக்கு ஏழு காடிகள். 1837-ன் பிரன்ஸ்விக்குக்கு இரண்டே. ஆனால் இறுக்கமான குண்டை மேலிருந்து அடித்து இறக்க நேரம் பிடித்தது. 1853-ன் என்பீல்டு துப்பாக்கியில் நீண்ட குண்டு சுலபமாக இறங்கி, வெடிக்கும்போது விரிந்து மூன்று காடிகளையும் பற்றிக்கொண்டது.

அந்த என்பீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றி 1857-ஐ எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை. கலகம் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்களுக்கென்று வேறு துப்பாக்கி வந்தது. வெளியே பார்த்தால் அதே என்பீல்டு. உள்ளே காடிகள் இல்லை, வழவழப்பு. வெள்ளைக்காரச் சிப்பாயின் குண்டு எட்டும் தூரத்துக்கு இவனுடைய குண்டு எட்டக்கூடாது என்பதே ஏற்பாடு. தன் துப்பாக்கி வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, எஜமானன் தன்னை எவ்வளவு நம்புகிறான் என்பதைத் தெரிந்துகொண்ட ஒரு சிப்பாயை நினைத்துப் பாருங்கள். ஒரு நாவலுக்கு இது போதாதா?

என் கதையைத் திருத்தி எழுதினேன். இப்போது அவன் ஒரே தடவைதான் சுடுகிறான், திரித் துப்பாக்கி. இரண்டாம் தடவை மருந்து கிட்டித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபடுகிறான். ஆசாரியிடம் நானே வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு, தம்பி" என்றார். பிறகு, "புரட்டாசி மாசம், சாயங்காலம்னு எழுதியிருக்கீங்க. மழை வந்து திரி நனையாதா?" என்றார்.

மறுபடியும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.