எழுபத்தேழும் பதினாயிரமும்: மத்தேயு நற்செய்தியின் எண்ணுப் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

சமய நூல்களில் வரும் எண்களை அணுகுவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்பர். ஒரு சாரார் அவற்றை வெறுங் கணக்காகக் கொள்வர். மறுசாரார் மறைபொருட் குறியீடுகளாகக் கொண்டு ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் தெய்விகம் கற்பிப்பர். எண்ணுப் பெயரும் ஒரு சொல்லே என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். சொல்லாதலின் அதற்கு வழக்கு உண்டு, வரலாறு உண்டு, அதனை வழங்கிய சமுதாயத்தின் முத்திரையும் உண்டு. கிரேக்கத்தில் எழுந்த மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகார இறுதிப் பகுதியைக் கொண்டு இதனை நோக்குவோம்.

தனக்குத் தீங்கிழைத்த சகோதரனை ஏழு முறை மன்னித்தாற் போதுமா எனப் பேதுரு வினவுகிறார். இயேசுவின் விடையாக அங்கு வரும் கிரேக்கத் தொடர் 'ஹெப்தொமேக்கொந்தாகிஸ் ஹெப்தா' என்பதாகும். முதற்சொல் 'எழுபது முறை' எனப் பொருள்படும். அடுத்தது 'ஏழு' என்னும் தனி எண். இதனைப் பெருக்கி 490 எனக் கொள்வதா, கூட்டி 77 எனக் கொள்வதா என்பதே நெடுங்கால வினா. 'கோடெக்ஸ் பெசாய்' எனப்படும் பழைய கையெழுத்துப்படியில் இரண்டாஞ் சொல்லும் 'ஏழு முறை' என்றே முதலில் எழுதப்பட்டுள்ளது. தொடரின் அமைப்பு பண்டைக்காலத்திலேயே இடர்ப்பாடு விளைத்தது என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் இலக்கணம் மட்டும் தீர்க்காத இவ்வினாவுக்குச் சொல்லின் வரலாறு வழிகாட்டுகிறது. எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில், இதே தொடர் மாற்றமின்றி வருகிறது. காயீனுக்காக ஏழு மடங்கு பழி எனின் தனக்காக எழுபத்தேழு மடங்கு என இலாமேக்கு செருக்குடன் கூறும் இடம் அது. அங்கு எபிரேய மூலம் ஐயத்திற்கிடமின்றி 77 என்றே உரைக்கிறது. எனவே மத்தேயு எண்ணொன்றைப் புதிதாகக் கணித்தார் எனல் பொருந்தாது. குலப்பகையின் அளவையாக வழங்கிய தொடரை எடுத்து மன்னிப்பின் அளவையாகத் தலைகீழாக்குகிறார். பழிக்கு எல்லையில்லை என்ற வாய்ப்பாடே மன்னிப்புக்கு எல்லையில்லை என்பதற்குக் கருவியாகிறது.

தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பில் இவ்வுறவு அறுபட்டுள்ளது. ஆதியாகமத்தில் 'எழுபத்தேழு' என்றும் மத்தேயுவில் 'ஏழெழுபது' என்றும் அது பெயர்க்கிறது. 'ஏழெழுபது' தன்னளவிற் குறையுடைய சொல்லன்று. 'ஏழேழு தலைமுறை' என்னும்போது தமிழர் எவரும் நாற்பத்தொன்பதை எண்ணுவதில்லை, எல்லையின்மையையே உணர்வர். அவ்வுணர்வை இச்சொல் நன்கு தருகின்றது. ஆனால் இலாமேக்கின் குரல் அதில் ஒலிப்பதில்லை. மன்னிப்பு எதனை எதிர்த்து எழுந்ததோ அது மறைய, அறிவுரை மட்டுமே எஞ்சுகிறது.

அடுத்து வரும் உவமை இவ்வறத்தைக் கடன் உறவுகளுக்கிடையே நிறுத்துகிறது. கடனை விடுவித்தலுக்கும் பிழை பொறுத்தலுக்கும் கிரேக்கம் ஒரே வினையை ஆள்வது மனங்கொள்ளத்தக்கது. அரசனுக்கு ஊழியன் ஒருவன் கொடுக்கவேண்டியது 'மூரியொய்' தாலந்து. உடன் ஊழியன் அவனுக்குக் கொடுக்கவேண்டியது நூறு தெனாரியம். 'மூரியொய்' பதினாயிரத்தைக் குறிக்கும். கிரேக்கத்தில் தனிச்சொல்லாக அமைந்த எண்ணுப் பெயர்களுள் அதுவே மிகப் பெரியது. எண்ணற்றவை என்ற பொருளும் அதற்கு உண்டு. தாலந்தோ பணவளவைகளுட் பெரியது. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியமாகும். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாட் கூலி என்பதை இதே நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் காட்டும். ஆகவே முதற்கடன் 6 கோடி நாட்கூலி. இரண்டாவது 100 நாட்கூலி.

யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், கலிலேயாவும் பெரேயாவும் ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுக்கு 200 தாலந்து இறுத்தன என்கிறார். அதன்படி பதினாயிரம் தாலந்து ஐம்பது ஆண்டு வரியாகும். அந்திப்பா ஆண்டதோ ஏறக்குறைய நாற்பத்திரண்டு ஆண்டே. தனி ஊழியன் எவனும் பட்டிருக்கக்கூடிய கடனன்று இது. மக்களின் உழைப்பு வரியாக மேனோக்கிக் குவியும் அமைப்பினையே இவ்வெண் நினைவூட்டுகிறது. தமிழில் 'பதினாயிரம்' என்னும்போது இவ்வழுத்தம் குன்றுகிறது. இலட்சமும் கோடியும் அறிந்த நமக்கு அது இடைநிலை எண்ணே.

இவ்விடத்தில் உவமையின் உள்முரண்பாட்டையும் மறைத்தலாகாது. எழுபத்தேழு முறை மன்னிக்குமாறு கூறியதை அடுத்து வரும் இவ்வரசன் ஒருமுறையே மன்னிக்கிறான். பின்னர் ஊழியனை வதைப்போரிடம் ஒப்புவிக்கிறான். சமய உரைகாரர் இதனை நீதியின் பெயரால் அமைதிப்படுத்துவர். நாமோ, எல்லையற்ற மன்னிப்பு என்னும் இலட்சியமும், மனைவி மக்களையும் விற்றுக் கடன் தீர்க்க ஆணையிடும் அதிகாரமும் ஒரே பிரதியில் மோதுவதைக் காண்கிறோம். மன்னிக்கும் உரிமை கடன் கொடுத்தோனிடமே இருக்கும்வரை அதை மீளப் பெறும் உரிமையும் அவனிடமே இருக்கும். அம்மோதலின் அளவைப் பிரதியே தன் எண்களாற் குறித்து வைத்திருக்கிறது. எண்ணுப் பெயர்களை வாய்ப்பாடாகவோ மந்திரமாகவோ கொள்வோர்க்கு அது புலப்படாது.