கொரிய நிலக்காட்சி ஓவியம்: தாக்கமும் தனித்தன்மையும்

கொரிய நிலக்காட்சி ஓவியத்தின் வளர்ச்சியைச் சீனத் தாக்கத்திலிருந்து விடுபட்ட வரலாறாகக் காண்போர் உளர். இக்கருத்து மறு ஆய்வுக்குரியது. இளவரசர் ஆன்பியோங் கண்ட கனவை ஆன் கியோன் 1447இல் ஓவியமாக்கினார். வடசோங் காலச் சீன ஓவியர் குவோ ஷியின் மரபு அதன் பாறை வடிவங்களில் புலப்படுகின்றது. எனினும், கிழக்காசியச் சுருளோவியங்கள் பொதுவாக வலமிருந்து இடமாக விரிய, இவ்வோவியம் இடப்புறத்து மண்ணுலகில் தொடங்கி வலப்புறத்துக் கனவுலகில் நிறைவுறுகின்றது.

நாட்டின் மலைகளை நேரில் கண்டு வரைந்து ‘மெய்க்காட்சி’ மரபை நிலைநாட்டியவர் சோங் சோன் (1676–1759). 1734ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் கும்காங் மலை ஓவியத்தில், பாறைச் சிகரங்களைச் செங்குத்துக் கோடுகளாலும் மண்குன்றுகளை ஈரப் புள்ளிகளாலும் அவர் தீட்டியுள்ளார். அப்புள்ளிமுறை சீன ஓவியர் மி ஃபுவின் வழிவந்தது. அங்கு மூடுபனி சூழ்ந்த மலையைக் காட்டிய புள்ளி, இங்குப் பாறையினின்று மண்ணை வேறுபடுத்தும் குறியாகின்றது. 1751இல் வரைந்த இன்வாங் மலை ஓவியத்திலோ, மழையில் நனைந்த வெளிர்நிறப் பாறை அடர்கருமையால் உருப்பெறுகின்றது.

எனவே, சோங் சோன் சீன மரபைத் துறந்து தனித்தன்மை எய்தினார் எனல் பொருந்தாது. பெற்ற தூரிகைமுறைகளைத் தம் மலையின் இயல்புக்கேற்பப் பகுத்தாண்டமையே அவர்தம் சாதனை. தாக்கத்தை ஆராய்வோர் கொண்டதைப் பட்டியலிடுவதோடு அமையாது, கொண்டது பெற்ற புதுப்பயனையும் காணல் வேண்டும்.