கண்முன் விழுங்கும் மாத்திரை

காசநோயாளியை இருபது ஆண்டுகள் நாம் எப்படி நடத்தினோம் என்பதை ஒரு மருந்துப் பெட்டியே சொல்லிவிடும். முதன்முறை நோய் கண்டவருக்குச் சிவப்புப் பெட்டி, திரும்ப வந்தவருக்கு நீலம். மேலே அவர் பெயர் இருக்கும், உள்ளே முழுச் சிகிச்சைக்கான மாத்திரைகளும் இருக்கும். ஆனால் பெட்டி அவர் வீட்டில் இருக்காது; ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடி ஊழியரிடமோ இருக்கும். முதல் இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் அவர் அங்கே போய், கொடுப்பவரின் கண்ணெதிரே ஏழு மாத்திரைகளை விழுங்க வேண்டும். பிந்தைய மாதங்களில் வாரத்தின் முதல் வேளைக்கு மட்டும் சாட்சி போதும். ஒவ்வொரு வேளையும் அட்டையில் குறிக்கப்படும். டாட்ஸ் என்று ஊரெல்லாம் அறிந்தது இதைத்தான்.

இந்த முறைக்கு வேர் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. அதில் நமக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமைதான். ஆனால் சேத்துப்பட்டு ஆய்வுகள் காட்டியதில் பாதியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பாதியும் விதியாக இறுகிவிட்டது.

1950களின் நடுவில் நிலைமை இதுதான்: ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியசிட் என்று மூன்று நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் காசநோய் என்றால் ஓய்வு, சுத்தமான காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் சானடோரிய வாசம் என்ற நம்பிக்கை மாறவில்லை. டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியது அப்படியொரு இடம்தான். (இன்றும் மின்சார ரயிலில் அந்த நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் மருத்துவமனையை நினைவூட்டும் என்று தெரியவில்லை.) நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். எல்லோரையும் படுக்க வைப்பது நடக்காத காரியம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி நெரிசலான வீட்டிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஓராண்டுக்கு அதே ஐசோனியசிட்டும் பாஸும். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது: ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தத்தக்கதல்ல. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக உழைத்தார்கள், ஆனாலும் தேறினார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நோய் கண்டறியப்படும் முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். சானடோரியங்களின் காலம் அதோடு முடிந்தது என்று சொல்லலாம்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிளைத்தன. ஏழை வீட்டிலேயே ஏழையைக் குணப்படுத்தலாம் என்பது முதல் பாடம். மனிதநேயமானது, சிக்கனமானது, சரியானது. மருந்து போதும், சோறு முக்கியமில்லை என்பது இரண்டாவது. ஆய்வாளர்கள் உணவைப் பற்றித் தனியாகவே எழுதினார்கள். நோய் அடங்குவதில் உணவுக்குப் பெரிய பங்கில்லை என்பது அவர்கள் தரவு காட்டியது. அந்தக் கேள்விக்கு, அந்த மருந்துகளோடு, அது சரியான விடையாக இருக்கலாம். ஆனால் திட்டம் தீட்டுகிறவர்களின் கையில் அது வேறு வடிவம் எடுத்தது. காற்றைக் கணக்கிலிருந்து நீக்கியாயிற்று, ஓய்வையும் உணவையும் நீக்கியாயிற்று. மிஞ்சியது மருந்து மட்டும். இனி ஒருவர் குணமாகவில்லை என்றால் குற்றம் யாருடையது? மாத்திரையை விழுங்காதவருடையதாகத்தானே இருக்க முடியும்?

ஃபாக்ஸுக்கு அந்தச் சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நோயாளிகள் தாங்களாகவே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கல் பற்றி 1958இலேயே விரிவாக எழுதினார். மையத்து ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்துவந்து மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். பாஸ் நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டுகிற மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியவர் அதைத் தொடர்ந்து சாப்பிடாமல் விட்டதில் வியப்பேதும் இல்லை. ஆக, அந்தப் புகழ்பெற்ற 86 சதவீதமும் ‘வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், தானே குணமானார்’ என்பதன் கணக்கு இல்லை. படியேறி வந்து பேசி, சமாதானப்படுத்தி, திரும்ப அழைத்துப் போகும் ஒரு கூட்டமே அவர்களுக்குப் பின்னால் இருந்தது. பிற்காலத்தில் மாத்திரை எண்ணுவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். படியேறிப் போவதை விட்டுவிட்டார்கள்.

தினமும் கண்காணிக்க முடியாதென்றால், மருந்தையே தினமும் கொடுக்காமல் இருக்கலாமே? சேத்துப்பட்டின் அடுத்த கேள்வி இது. காசநோய்க் கிருமி மந்தமானது. குடலில் வாழும் ஈ. கோலி சாதகமான சூழலில் இருபது நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கும். இதற்கோ ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும். சில மருந்துகள் சில மணி நேரம் பட்டுவிட்டாலே பிழைத்த கிருமிகள் மறுபடி வளரத் தொடங்கப் பல நாள் பிடிக்கிறது என்பதை டெனிஸ் மிட்சிசனின் ஆய்வுக்கூடம் காட்டியது. அப்படியானால் வாரம் இருமுறை, கூடுதல் அளவில், கண்ணெதிரே கொடுத்தால் போதும். 1964இல் வெளியான சென்னை ஆய்வில் அது தினசரிச் சிகிச்சைக்குச் சற்றும் குறையவில்லை. கிருமியின் உறக்கத்தைக் கணக்கிட்டு நோயாளியின் நடையைக் குறைத்த இந்த யோசனையை, இந்த வரலாற்றிலேயே மிக அழகானது என்பேன்.

ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாக்கியபோது கணக்கு பிசகியது. ஐசோனியசிட்டைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்கிறது. சிலருக்கு அது வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக, பரம்பரையில் வருவது. வேகமாகச் செயலிழக்கச் செய்பவர்களுக்கு வாரமொரு வேளை பற்றவில்லை. ஒரே மேசைக்கு முன் ஒரே மாத்திரையை விழுங்கிய இருவரில் ஒருவர் தேறினார், மற்றவர் தேறவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்காணிப்பவருக்குக் கல்லீரல் தெரியாது. டாட்ஸின் அடிப்படைப் பலவீனம் அறுபதுகளிலேயே, அதைப் பெற்ற மையத்தின் ஆவணங்களிலேயே பதிவாகிவிட்டது.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலையாக அறிவித்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் டாட்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் 1997 முதல் விரிந்து 2006இல் நாடு முழுவதும் எட்டியது. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. டாட்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஐந்து அம்சங்கள் வந்தன: அரசின் பொறுப்பு, சளிப் பரிசோதனை, கண்காணிப்போடு குறுகியகாலச் சிகிச்சை, தடையில்லா மருந்து விநியோகம், பதிவேடு. அதற்கு முன் பாதிச் சிகிச்சையில் மருந்து தீர்ந்துபோவது சகஜம். பெயரெழுதிய பெட்டி அதைத் தடுத்தது: ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே அவருடைய கடைசி மாத்திரையும் ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெட்டிக்காகவே நான் டாட்ஸுக்கு நிறைய மதிப்பெண் போடுவேன். ஆனால் வெற்றிக்கான பாராட்டு ஐந்தில் ஒன்றான கண்காணிப்புக்கே போய்ச் சேர்ந்தது. நியூயார்க் கதையும் இப்படித்தான். 1992இல் 3,811 பேருக்கு நோய் கண்ட அந்நகரத்தில் பிறகு எண்ணிக்கை சரிந்ததற்குக் கண்காணிப்பைக் காரணம் காட்டுவார்கள். அதே காலத்தில் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு மேம்பட்டது. மாத்திரை விழுங்க வந்தவர்களுக்கு உணவுக் கூப்பனும் பயணச் செலவும் கிடைத்தன. எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரே வழி, சேத்துப்பட்டு கற்றுக்கொடுத்த அதே குலுக்கல் முறைதான். தென்னாப்பிரிக்காவில் செய்து பார்த்தார்கள். 1998இல் வந்த முடிவின்படி சிகிச்சை வெற்றி கண்காணிக்கப்பட்டவர்களிடம் 54 சதவீதம், தாமே சாப்பிட்டவர்களிடம் 60. பாகிஸ்தானில் 2001இல்: சுகாதார ஊழியர் கண்காணித்தால் 64 சதவீதம், குடும்பத்தார் கண்காணித்தால் 55, யாரும் கண்காணிக்காவிட்டால் 62. தாய்லாந்து ஆய்வொன்றில் கண்காணிப்பு ஓரளவு பலன் தந்தது. எல்லாவற்றையும் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வுகள், விழுங்குவதைப் பார்ப்பதால் மட்டும் குணமடைவோர் கூடுவதற்குச் சான்றில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்லின.

அப்படியானால் வேளை தவறினால் பரவாயில்லையா? அப்படியும் இல்லை. மூன்று பெரிய ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றாக்கி 2018இல் செய்த கணக்கில், பத்தில் ஒரு வேளையோ அதற்கு மேலோ தவறவிட்டவர்களுக்குச் சிகிச்சை கெடும் அபாயம் ஏறக்குறைய ஆறு மடங்கு. மருந்து தவறக்கூடாது என்பது உறுதி. தவறாமலிருக்கக் காவல்தான் வழி என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு மையம் திறக்கும் நேரமும் வேலை கிடைக்கும் நேரமும் ஒன்று. மணமாகாத பெண்ணுக்கு, வாரம் மூன்று நாள் அந்த வாசலில் நிற்பது தெருவுக்கே அறிவிப்பது போல. இருவரும் மாத்திரைக்கு அஞ்சவில்லை, மாத்திரை வாங்கப் போகும் வழிக்குத்தான் அஞ்சினார்கள்.

இதைவிடக் கசப்பான கேள்வி, கண்காணித்து விழுங்க வைத்த மருந்து சரியானதுதானா என்பது. நீலப் பெட்டியைப் பாருங்கள். முதல் சிகிச்சை பலிக்காதவருக்கு அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றை மட்டும் சேர்த்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் மருந்துக் கூட்டோடு ஒற்றை மருந்தைச் சேர்க்காதே என்பது காசநோய் மருத்துவத்தின் பாலபாடம். சேர்த்தால் அந்தப் புது மருந்துக்கும் கிருமி பழகிவிடும். உலக சுகாதார நிறுவனம் அந்த முறையை 2017இல்தான் கைவிட்டது. வாரம் மும்முறை என்ற ஏற்பாட்டையும் அதே ஆண்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போன பிறகே, இந்தியா தினசரிச் சிகிச்சையாக மாற்றியது. எச்ஐவி உள்ள காசநோயாளிகளிடம் தினசரி மருந்து 91 சதவீதமும் வாரம் மும்முறை 77 சதவீதமும் பலித்தன என்று 2018இல் காட்டியதும் சேத்துப்பட்டு நிறுவனம்தான். இடைவெளி விட்டுக் கொடுக்கும் யோசனையைப் பெற்ற இடமே அதன் எல்லையையும் வரைந்தது. அந்த அறிவியல் நேர்மைக்கு வணக்கம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு வேளையும் தவறாமல் வந்து விழுங்கி, ஆனாலும் நோய் திரும்பியவர்களை, ‘ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்’ என்ற சந்தேகத்தோடுதானே பார்த்திருப்போம்?

இப்போது காவல் கைபேசிக்கு வந்திருக்கிறது. 99டாட்ஸ் முறையில் மாத்திரை அட்டைக்கு மேல் ஒரு உறை. மாத்திரையை அழுத்திப் பிதுக்கினால் மறைந்திருந்த தொலைபேசி எண் வெளிப்படும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய கணக்கு பதிவாகும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, அலைச்சலும் இல்லை. சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து இதன் துல்லியத்தை அளந்தார்கள். அழைத்தவர்களில் சிலர் மருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அழைக்காதவர்களில் பலர் சாப்பிட்டிருந்தார்கள். அறுபது ஆண்டு சுற்றி வந்தும் கடைசிச் சாட்சியாகச் சிறுநீரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. தவறுவது நோயாளி மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. 2024 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, மூன்று மாதத்துக்கான மாத்திரையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்த வேளைகளை யார் கணக்கில் எழுதுவது?

கணக்கிலிருந்து நீக்கிய சோறும் திரும்பி வந்துவிட்டது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா குழுவினர் நடத்தி 2023இல் வெளியிட்ட ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளிகளில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் கொண்ட பொதி கொடுத்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சென்னை ஆய்வு கேட்டது, மருந்து கிருமியைக் கொல்ல உணவு வேண்டுமா என்று. ஜார்க்கண்ட் கேட்டது, மனிதர் பிழைக்கவும் அடுத்தவருக்கு நோய் வராமலிருக்கவும் உணவு வேண்டுமா என்று. முதல் விடையை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்வியை அரை நூற்றாண்டு கேட்காமலே இருந்துவிட்டோம். 2018இல் தொடங்கிய மாதம் 500 ரூபாய் உதவி 2024இல் 1,000 ஆனது. தாமதம்தான், திசை சரி.

இறப்பைப் பார்த்தாலும் இதேதான். காசநோயால் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். வேளை தவறி, கிருமி பழகி, நோய் திரும்பும் அளவுக்குக் காலமே அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. நோய் கண்டறியும்போதே எடையும் உயரமும் எடுக்கிறார்கள், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறார்கள், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். தேறாதவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சானடோரியத்தை மூடியபோது மிகச் சிலருக்கு அவசியமான அந்தப் படுக்கையையும் மறந்திருந்தோம்.

கண்காணிப்பைத் தாங்களே கேட்டு வாங்குபவர்களும் உண்டு: குடியை விட முயல்கிறவர், தனியாக வாழும் முதியவர், வீட்டில் யாரிடமும் நோயைச் சொல்ல முடியாதவர். அவர்களுக்கு அது தொடரட்டும். மற்றவர்களிடம் ஊழியர் செலவிடும் நேரத்துக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது, எடை பார்ப்பது. ஜார்க்கண்ட் நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடை கூடவில்லை என்றால் ஆறாம் மாதச் சளிப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே ஏன் என்று கேட்கத் தொடங்கலாம்.