நன்னூல் கூறும் மாணாக்கரும் ‘ஏழை’ என்னும் சொல்லும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், எழுத்திலக்கணம் கூறப் புகுமுன் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுக்கின்றது. கற்போர் பலரும் இதனைப் பாயிர மரபெனக் கொண்டு விரைந்து மேற்செல்வர். கல்வி யார்க்கு உரியது, அதனை அறுதியிடுவார் யார் என்னும் வினா இதனுள் பொதிந்து கிடத்தலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

மாணாக்கரை அளத்தற்கு இப்பகுதியில் இரண்டு அளவுகோல்கள் உள. நூல் கற்பிக்கப்படுதற்கு உரியாரை எண்ணுமிடத்து, ஆசிரியன் தன் மகன், அவன் ஆசான் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்போன் என்போர் முன்னிற்க, வழிபடுவோனும் சொன்னதை விரைந்து கொள்வோனும் இறுதியில் வருகின்றனர். இது குடியும் செல்வமும் பற்றிய அளவு. முதல், இடை, கடை என மாணாக்கரை வகுக்குமிடத்தோ அன்னம், பசு முதலாக ஆடு, எருமை, பன்னாடை ஈறாக உவமைகள் வருகின்றன. இவை யாவும் கொள்ளும் திறம் பற்றியன; பிறப்பைச் சுட்டுவது ஒன்றும் இல்லை. இடை மாணாக்கர்க்கு உவமையாகிய மண், உழவன் முயற்சியின் அளவே விளைவு தருவது. எனவே, மாணாக்கன் திறத்தில் ஆசிரியன் உழைப்பிற்கும் பங்குண்டு என்பது இவ்வுவமையாற் பெறப்படும்.

கற்பிக்கத் தகாதாருள் ஒருவனாக ‘ஏழை’யும் எண்ணப்படுகின்றான். பொருள் கொடுப்போன் உரியானாயின் வறியவன் உரியான் அல்லன் என்று இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும். ‘மந்தன்’ பின்னர்த் தனியே கூறப்படுதலையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர். பழைய வழக்கு இதற்குத் துணைசெய்யவில்லை. திருக்குறளின் பகைத்திறந்தெரிதல் அதிகாரத்தில் இச்சொல், பித்தரினும் கீழான அறிவிலியைக் குறித்தது. உடன் எண்ணப்பட்ட களிப்பு, மடி, சினம் முதலியனவும் பெரும்பாலும் மனத்தின் குற்றங்களே. ஆதலின் ஈண்டும் அறிவின்மையே பொருள் எனக் கொள்வதே பொருந்தும். ‘மந்தன்’ விரைந்து கொள்ளமாட்டாதவன், அவன் வேறு.

அறிவிலியைக் குறித்த இச்சொல் இன்று பொருளில்லாதவனையே குறிக்கின்றது. சொற்பொருள் வரலாற்றில் இஃது இயல்பான திரிபே. வகுப்பறையிலோ இத்திரிபு தலைகீழாக நிகழ்கின்றது: பொருளில்லாத சிறுவன் அறிவில்லாதவனாக எண்ணப்படுகின்றான். அமெரிக்கச் சமூகவியலார் ரே ரிஸ்ட் 1970-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. செயின்ட் லூயிஸ் நகரின் மழலை வகுப்பொன்றில் ஆசிரியர், எட்டாம் நாளிலேயே குழந்தைகளை மூன்று மேசைகளாகப் பிரித்து அமர்த்தினார். அதற்கு முன் அறிவுத் தேர்வு ஏதும் நடைபெறவில்லை. உடை, தூய்மை, பேச்சு, குடும்பநிலை ஆகியவையே அளவாயின. பின்மேசைக் குழந்தைகள் குறைவாகக் கற்பிக்கப்பட்டனர், குறைவாகக் கற்றனர், மேல்வகுப்பு ஆசிரியர்க்கு அதுவே சான்றாயிற்று. முதல், இடை, கடை என்னும் பகுப்பு இங்கும் உளது. பிரிப்பதற்குக் கொண்ட அளவு மட்டும் மாறியுள்ளது.

இனி, நம் நாட்டில் புதுக்கோட்டை வரலாற்றை நோக்குவாம். அவ்வூரில் 1886-இல் பிறந்த முத்துலெட்சுமி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் கல்லூரியிற் சேர விரும்பியபொழுது எதிர்ப்பு எழுந்தது. அவர் கல்வித் திறத்தில் ஐயம் எழவில்லை. அவர் பெண் என்பதும், தாயார் தேவதாசி மரபினர் என்பதுமே தடையாயின. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடையை நீக்கி இடமளித்தார். முத்துலெட்சுமி 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானார். இவ்வெற்றியைக் கொண்டு கதவு அனைவர்க்கும் திறந்தது எனக் கொள்ளலாகாது. அவர் தந்தையார் ஆசிரியர், ஆணையிட்டவர் அரசர். நன்னூல் முன்வைத்த குடிச்சிறப்புகளுள் ஒன்று அவர்க்கு வாய்த்தது. அரசன் துணையும் உடனிருந்தது. இவ்விரண்டும் வாயாத குழந்தை யாது செய்யும்?

இவ்வினாவிற்கு அம்மாவட்டமே பின்னர் ஒரு விடை தந்தது. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல்லுடைப்போரும் உழவுக்கூலிகளுமான பெண்கள் பல்லாயிரவர் எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கற்பித்தோர் பெரும்பாலும் தொண்டர். அவர்கள் கற்போர் வாழும் இடத்திற்குச் சென்று, அவர்தம் வேலை ஒழிந்த பொழுதில் கற்பித்தனர். ஆண்டுகள் பல எழுத்து வாராத அப்பெண்களின் அறிவு ஓராண்டில் வளர்ந்துவிடவில்லை. கற்பிப்போர் அவர்பால் கொண்ட நோக்கமும் கற்பித்த முறையுமே மாறின. மண் அதுவே, உழுத முறை வேறு.

நன்னூலை இக்காலத்திற்கு ஒவ்வாது என ஒதுக்குதல் எளிது. முழுவதும் போற்றுதலும் எளிது. பொருளும் குடியும் நோக்கி மாணாக்கரைத் தெரியும் நூற்பா ஆசிரியர் வீட்டிலேயே பாடம் நடந்த காலத்தது. அரசின் செலவிற் பொதுப்பள்ளி நடக்கும் நாளில் அதற்கு இடமில்லை. நல்லாசிரியனுக்கு நிறைகோலையும், ஆகாத ஆசிரியனுக்கு அணுகுவார்க்குப் பயன்தாராத மடற்பனையையும் உவமை கூறிய நூற்பாக்களோ இன்றும் ஆளத்தக்கன. நிறைகோல் பொருளைத் தட்டில் வைத்த பின்னரே எடை காட்டும். மாணாக்கன் வாய்திறக்குமுன் அவன் சட்டையைக் கண்டு எடை கூறும் ஆசிரியனுக்கு அவ்வுவமை உரியதாகாது. தமிழாசிரியராகப் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கும் முதுகலை மாணவர், மாணாக்கர் இலக்கணத்தைக் கற்பதற்கு முன் ஆசிரியர் இலக்கணத்தைத் தம்மேல் வைத்துக் கற்பாராக.