திருடனாக்கியது யார்?

ஆரணித் தறிக்குழியில் காலூன்றிப் பட்டு நெய்பவருக்கும் இத்தாலி நாட்டுப் படம் ஒன்றுக்கும் உறவென்ன என்பீர்! உண்டு, தோழர்களே!

விட்டோரியோ டி சிகா 1948-இல் தந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தை, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2007-இல் டி.வி.டி.யாகவும் 2016-இல் புளூ-ரே தகடாகவும் வெளியிட்டது. கொட்டகைக் கலை இல்லத்துக் கூடத்திற்கே வந்துவிட்டது.

போர் முடிந்த ரோம் நகரம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை. சைக்கிள் இருந்தால்தான் வேலை. படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்க வழி செய்கிறாள் மனைவி. முதல் நாளே அது களவு போகிறது. காவலர் கைவிரிக்கின்றனர். குறிகாரியோ காசை வாங்கிக்கொண்டு கதையளக்கிறாள்! முடிவில், மகன் கண்ணெதிரே அவனே திருடிப் பிடிபடுகிறான். நடித்தவர் மெய்யாகவே ஆலைத் தொழிலாளி. அந்தக் குனிந்த தோள்களில் பாசாங்கு இல்லை.

பிரியதர்சனின் 'காஞ்சிவரம்' (2008) காட்டியதும் இதே கொடுமைதான்: மகளின் மணச்சேலைக்காகப் பட்டிழை திருடுகிறான், பட்டு நெய்பவன்! திருடனாக்கியது தலைவிதியா? வறுமையன்றோ!

படம் தீர்வு சொல்லவில்லையே என்பர் சிலர். வினாவை விதைத்தார் டி சிகா. விடை காண்பது நம் கடன். அந்தத் தகடோ ஆங்கில வரிகளோடு வந்தது. படிப்பகந்தோறும் திரையிட்டுத் தமிழில் எடுத்துரைப்போம். தறிக்குழிக்கும் எட்டட்டும் அந்தக் கலை!