சேய் முடிந்த செய்தி: யூனிக்ஸ் மரபின் கிளைகளும் நெறிகளும்

இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்பர். யூனிக்ஸ் மரபில் ஒரு செயல்முறை 'ஃபோர்க்' என்னும் அழைப்பால் தன்னைப் போன்ற இன்னொன்றைப் பிறப்பிக்கிறது; பிறப்பித்தது தாய், பிறந்தது சேய். சேய் தன் வேலையை முடித்தோ இடையில் மடிந்தோ போனால் அச்செய்தி தாய்க்கு எவ்வாறு சேர வேண்டும் என்பதற்கு, 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் இட்ட அடித்தளம் இன்றும் அசையாமல் நிற்க, அதன்மேல் பின்வந்தோர் எழுப்பிய முறைகளே நெடுங்காலம் ஒன்றோடொன்று முரண்பட்டன.

அந்த அடித்தளத்தின் இயல்பு செட்டிநாட்டார்க்கு எளிதில் விளங்கும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப், போனவர்களின் கடைகளில், மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பிய மேலாள் முதலாளியிடம் கணக்கு ஒப்படைத்த பிறகே அவர் பொறுப்புத் தீரும். இங்கும் அப்படியே: சேய் முடிந்ததும் அதன் நினைவகத்தையும் திறந்திருந்த கோப்புகளையும் இயங்குதளத்தின் கருவான கர்னல் விடுவித்துவிடுகிறது. ஆனால், அது எப்படி முடிந்தது என்ற குறிப்பை மட்டும், தாய் 'வெயிட்' என்று கேட்டு வாங்கும் வரை, செயல்முறை அட்டவணையில் காத்து வைத்திருக்கிறது. இவ்வாறு கேட்பாரற்றுக் கிடக்கும் பதிவுக்கு 'ஸோம்பி' என்று பெயர். ஏற்கெனவே மடிந்ததாதலால், செயல்முறைகளுக்கு அனுப்பும் அறிவிப்பான சிக்னல் எதை அனுப்பியும் அதை அகற்ற இயலாது. தாய் கணக்கை வாங்க வேண்டும். அல்லது தாயே முடிந்து, எண் 1 தாங்கிய முதற் செயல்முறை அதைத் தத்தெடுத்து வாங்க வேண்டும்.

குறிப்பின் வடிவம் மிகச் சிக்கனமானது. பதினாறு பிட்டுகளில் மேல் எட்டில் சேய் தானாகச் சொல்லி முடித்த எண்ணும், கீழ் ஏழில் அதைக் கொன்ற சிக்னலின் எண்ணும், இடையில் நிற்கும் ஒற்றைப் பிட்டில் நினைவகப் படிவம் எழுதப்பட்டதா என்பதும் அடங்கும். எட்டுப் பிட்டே இடம் என்பதால், 256 என்று சொல்லி முடியும் நிரல் 0 என்று, அதாவது வெற்றி என்று, பதிவாகிறது. கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் ஷெல்லோ சிக்னல் எண்ணுடன் 128ஐக் கூட்டிக் காட்டுவதால், நினைவகப் பஞ்சத்தில் 9ஆம் சிக்னலால் கொல்லப்பட்ட நிரல் 137 என்று தெரியும். ஒரு நிரல் தானே 137 என்று சொல்லி முடிந்தாலும் அதே எண்தான் தெரியும் என்பது பலர் கவனியாத குறை.

தாய் எந்நேரமும் காத்திருக்க இயலாதாகையால், சேய் முடிந்ததைச் சிக்னலால் அறிவிக்கும் வழக்கம் பின்னர் வந்தது. கிளைகள் பிரிந்ததும் இங்கேதான். ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் மரபில் 'சிக்சிஎல்டி' என்ற சிக்னலைப் புறக்கணிப்பதாகத் தாய் அறிவித்தால் ஸோம்பியே உண்டாகாது. அதைக் கையாளும் துணைநிரலை நிறுவும் கணத்தில் கணக்கு வாங்கப்படாத சேய் ஒன்று இருந்தால், கர்னல் அப்போதே சிக்னலை அனுப்பிவிடும். அம்மரபில் துணைநிரலை ஒவ்வொரு முறையும் மறுபடி நிறுவியாக வேண்டும். கணக்கை வாங்குமுன் அதை நிறுவியவர் நிரல், தன்னைத் தானே மீண்டும் மீண்டும் அழைத்து அடுக்கு நிரம்பி விழும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. மரபோ 'சிக்சைல்ட்' என்ற தன் சிக்னலை வெறும் அறிவிப்பாகவே வைத்தது. கட்டுப்பாட்டு விசையுடன் 'இசட்' அழுத்திச் சேயை நிறுத்திவைத்தாலும் தாய்க்குச் சொன்னது. காத்திராமல் கேட்டுப் பார்க்கும் வசதியையும் 'வெயிட்3' வழியாகத் தந்தது. கதவைத் தட்டுவது வேறு, கணக்கு வேறு என்று பிரித்துப் பார்த்த பி.எஸ்.டி.யின் நெறியே தெளிவுடையது. மூன்று சேய்கள் அடுத்தடுத்து முடிந்தால், இச்சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லையாதலால், ஒரே தட்டல் மட்டும் கேட்கக்கூடும்; ஆகவே, இனி வாங்கக் கணக்கில்லை என்னும் வரை திரும்பத் திரும்பக் கேட்பதே தேர்ந்தவர் வழக்கு.

1988இல் வந்த போசிக்ஸ் தரநிலை இரு மரபையும் இணைக்க முயன்று, குறிப்பிட்ட ஒரு சேயைக் கேட்க 'வெயிட்பிட்' என்ற அழைப்பையும், பிட்டுகளை நேரே தொடாமல் பொருளறியும் சொற்களையும் தந்தது. ஆயினும், சிக்னலைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதை அது வரையறுக்காமல் விட்டது. நிரலாளர் அதிகம் தடுக்கி விழுந்த இடமே அதுவாதலால், இதை அடக்கம் என்பதைவிடத் தயக்கம் என்பதே பொருந்தும். 2001ஆம் ஆண்டுப் பதிப்பு சிஸ்டம் ஃபைவ் வழக்கைத் தழுவிக்கொண்டது. லினக்ஸும் அவ்வழியே செல்வதால், டெபியனை அடியாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் அதுவே நடப்பு.

யூனிக்ஸுக்கு வெளியே விண்டோஸ் என்.டி. மரபில் தாய்–சேய் உறவுக்கு இத்தனை கனம் இல்லை; செயல்முறையைச் சுட்டும் கைப்பிடியை வைத்திருக்கும் எவரும் அதன் முடிவை 32 பிட் எண்ணாகக் கேட்டறியலாம். பெல் ஆய்வகத்தாரே பிற்காலத்தில் படைத்த பிளான் 9, எண்ணைக் கைவிட்டுச் சொற்றொடராகவே முடிவைத் தெரிவித்தது. கைப்பிடி என்ற கருத்து பின்னர் யூனிக்ஸ் வழியினரிடமும் வந்தது. 2019இல் வெளியான லினக்ஸ் 5.3இல் 'பிட்எஃப்டி' என்ற கைப்பிடியைத் திறந்து, பிற கோப்புகளோடு சேர்த்தே சேயின் முடிவுக்கும் காத்திருக்கலாம்; சிக்னலின் தொல்லை இல்லை. எனினும் அதன்வழி இறுதியில் வாங்கும் கணக்கு அதே எட்டுப் பிட்டுத்தான். முழு எண்ணையும் தர வேண்டும் என்று 'வெயிட்ஐடி' அழைப்புக்குப் போசிக்ஸ் விதித்ததை லினக்ஸ் ஏற்கவில்லை.